பத்து மணிக்கும் தணியாத வீடு

புதுச்சேரி கிராமங்களில் கூரை வீடுகள் பெரும்பாலும் கல்வீடுகளாகிவிட்டன. புயலுக்கும் தீக்கும் இருந்த பயம் குறைந்தது. வெக்கை மட்டும் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அதை வெளியேற்றும் வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

கத்திரி வெயில் நாட்களில் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களுக்கு இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக் கதவு திறந்திருக்கும், உள்ளே மின்விசிறி ஓடும், ஆள் இருக்கமாட்டார்கள். வாசலில் கட்டில், தெருவோரம் பாய், மொட்டை மாடியில் கொசுவலை. நகையை அடகு வைத்து, மானியத்துக்கு அலைந்து, தவணை தவணையாகக் கட்டி முடித்த வீட்டை விட்டுவிட்டுக் குடும்பமே வெளியில் படுத்திருக்கும். ஏன் என்று கேட்டால் தெருவுக்குத் தெரு ஒரே பதில்தான்: உள்ளே அனலாக அடிக்கிறது.

அனல் என்ற சொல் அங்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது. அந்நேரம் வெளிக்காற்று முப்பது டிகிரிக்கு இறங்கியிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் காற்றும் அதைவிட அதிகம் இல்லை. ஆனால் தலைக்கு மேலே கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கமும், மாலை வெயிலை வாங்கிய மேற்குச் சுவரும் இன்னும் சூடாக இருக்கின்றன. அந்தச் சூடு காற்றின் துணை இல்லாமலேயே நேராக உடம்பில் வந்து படுகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அது சூடான தளத்தை ஒட்டிய காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

ஒரு வீடு நல்ல வீடா என்று கேட்க நம்மிடம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. எத்தனை சதுர அடி, எத்தனை மூட்டை சிமெண்ட், என்ன கம்பி, எந்தத் திசை வாசல்? ராத்திரி பத்து மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரரும் கேட்பதில்லை, மேஸ்திரியும் கேட்பதில்லை, தவணைப் பணம் விடுவிக்கப் பார்வையிட வரும் பொறியாளரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

கூரையிலிருந்து கல்வீட்டுக்கு

பாகூர்ப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சவுக்குக் கழியும் பனஞ்சட்டமும் தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் கொண்டு வேய்ந்த வீடுகள்தான் அதிகம். அந்தக் கூரை ஏன் குளிர்ந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. கூரையின் எடையும் குறைவு. ஆகவே பகலில் வாங்கிய சிறிது சூட்டையும் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிடும்.

ஆனால் கூரை வீட்டின் குளிர்ச்சியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் அதற்குள் மழைக்காலம் கழித்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. கோடையில் தீ விபத்து, எலி, பாம்பு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூரை மாற்றும் செலவு. இவற்றிலிருந்து விடுபட வேண்டும் என்று மக்கள் விரும்பியது முழுக்க நியாயம். பெருந்தலைவர் காமராஜர் பெயரில் புதுச்சேரி அரசு நடத்தும் கல்வீடு கட்டும் திட்டம் அந்த விருப்பத்துக்குக் கிடைத்த உதவி. யாரையும் மறுபடி கீற்றுக்கடியில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கூரை வீட்டிலிருந்து கல்வீட்டுக்கு வந்தபோது பலத்தைக் கணக்கிட்டார்கள், செலவைக் கணக்கிட்டார்கள், வெப்பத்தைக் கணக்கிடவில்லை. நான்கு அங்குலமோ ஐந்து அங்குலமோ தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, கீழே பூசி, மேலே வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பணம் கிடைத்தால் பிறகு மாடி எடுக்கலாம் என்று மூலைகளில் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த "பிறகு" பத்து வருடம் வராமல் போகும். அதுவரை வெறுந்தளம்தான்.

தலைக்கு மேல் ஒரு டன்

புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நம் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி மறுபடியும் உச்சிக்குத் திரும்புகிறது. அதனால் கோடையில் வெயிலின் பெரும்பங்கை வாங்குவது சுவரல்ல, மேல்தளம். கறுத்துப்போன பழைய கான்கிரீட், தன் மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை விழுங்கிவிடும். மே மாத நண்பகலில் அதன் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தொடும். செருப்பில்லாமல் மாடிக்கு வடாம் காயப்போடப் போனவர்களுக்கு இதைத் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம் ஒரு தளத்தைத் தாண்டி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்குப் பொறியாளர்கள் யு-மதிப்பு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் இறங்கும் என்பதே அது. எண் குறையக் குறைய வீட்டுக்கு நல்லது. நான்கு அங்குல வெறுந்தளத்துக்கு இது சுமார் 3.5. நானூறு சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம், அதாவது 37 சதுர மீட்டர். மேலே வெயிலோடு சேர்ந்த வெப்பம் 62 டிகிரி, உள்ளே 34 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு நூறு வாட் அளவுக்கு இறங்கும். மொத்தம் மூன்றரை கிலோவாட். கடையில் ஒரு டன் ஏ.சி. என்று விற்பது நீக்கக்கூடிய வெப்பமும் ஏறக்குறைய அதே மூன்றரை கிலோவாட்தான். நண்பகல் உச்சத்தை மட்டும் எடுத்த தோராயக் கணக்கு இது. என்றாலும் ஒன்று தெளிவாகிறது: ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி மாட்டினால் அதில் ஒரு டன் கூரையோடு சண்டை போடவே போய்விடுகிறது.

அதே வீட்டின் தளத்துக்கு வெள்ளை அடித்து, அடியிலோ மேலேயோ வெப்பத்தடுப்பு வைத்து, யு-மதிப்பை 1.2-க்குக் கொண்டுவந்தால் இறங்கும் வெப்பம் அரை கிலோவாட் அளவுக்குச் சுருங்கிவிடும். ஏழில் ஒரு பங்கு. அப்போது ஏ.சி.யே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் நிறைய இருக்கும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ராஜஸ்தான் போன்ற வறண்ட ஊரில் பகலில் சூடேறிய கனத்த சுவரை இரவுக் குளிர் தணித்துவிடும். இங்கே மே மாத இரவிலும் காற்று 27 டிகிரி அளவில்தான் நிற்கும், ஈரப்பதமும் அதிகம். பகலில் சேர்ந்த சூட்டைக் கொண்டுபோய்விட இரவுக்குத் தெம்பு இல்லை. ஆகவே கனமாகக் கட்டினால் வீடு குளிரும் என்ற வட இந்தியப் பாடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு முதல் வேலை வெயிலைக் கட்டிடத்தின் மேல் விழவிடாமல் தடுப்பது. இரண்டாவது, உடம்பின் மேல் காற்று ஓடச் செய்வது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

கோல்கொண்டே சொல்லும் பாடம்

வில்லியனூரிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில், புதுச்சேரி நகரத்துக்குள், இந்தப் பாடத்தை எண்பது வருடத்துக்கு முன்பே கட்டிக் காட்டிய கட்டிடம் ஒன்று நிற்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டே. செக் நாட்டில் பிறந்து, ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். அவரோடு பணியாற்றிய ஜார்ஜ் நகாஷிமா 1937-இல் இங்கே வந்து கட்டுமானத்தைக் கவனித்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். செக் நாட்டவரான ஃபிரான்டிஷெக் சம்மரும் உடனிருந்தார். ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து சர் அக்பர் ஹைதரி மூலம் வந்த நன்கொடையால் எழுந்ததால் அந்தப் பெயர். 1942-இல் ஆட்கள் குடியேறினார்கள். இந்தியாவின் ஆரம்பகால வலுவூட்டிய கான்கிரீட் கட்டிடங்களில் முக்கியமான ஒன்று.

கவனியுங்கள், அதுவும் கான்கிரீட்தான். நம் கிராமத்து வீட்டில் எந்தப் பொருள் வாட்டுகிறதோ அதே பொருள். ஆனாலும் ஏ.சி. இல்லாமல் இன்றுவரை மனிதர்கள் அதில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எப்படி?

கட்டிடம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. நீளமான இரண்டு பக்கங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயிலுக்குக் குறுகிய சுவர்கள்தான் கிடைக்கின்றன. அறைகள் ஒரே வரிசை, ஒரு பக்கம் நடை. அதனால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு புறமும் காற்று. ஜன்னல் என்று தனியாக எதுவும் கிடையாது. தரையிலிருந்து மேல்தளம்வரை திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயில், மழை, காற்று மூன்றையும் கைப்பிடியைத் திருப்பியே கட்டுப்படுத்தலாம். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டக் கதவுகள். சாத்தினால் மறைவு கிடைக்கும், காற்றும் நிற்காது. இரண்டு பக்கத்துத் தோட்டங்களும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் அடர்ந்த நிழல், மறுபக்கம் திறந்த வெளி. அந்தக் குளிர் வித்தியாசமே காற்றை நகர்த்துகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதன் மேல்தளம். தட்டையான தளத்துக்கு மேலே, சற்று இடைவெளி விட்டு, வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். வெயில் அந்த ஓட்டில் விழுகிறது, ஓடு சூடாகிறது, இடையில் உள்ள காற்று அதை வெளியே கொண்டுபோகிறது. கீழே இருக்கும் உண்மையான தளம் வெயிலைப் பார்ப்பதே இல்லை. இரட்டைக் கூரை. தேக்குக் கதவும் திருப்பும் பலகையும் பாகூரில் ஐந்நூறு சதுர அடி வீடு கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. இரட்டைக் கூரை கட்டுப்படியாகும்.

சூரிய மின்தகடு இதற்கு இன்று கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைக்க 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்தத் தகடுகள் நூற்றைம்பது சதுர அடிக்கு மேல் நிழல் தரும். தளத்தோடு ஒட்டிப் போடாமல் ஆள் உயரத்துக்குத் தூக்கி, படுக்கையறைக்கு நேர் மேலே வரும்படி அமைத்தால் மின்சாரமும் கிடைக்கும், இரண்டாவது கூரையும் கிடைக்கும். பொருத்த வருகிறவர்கள் வெயில் கணக்கை மட்டும் பார்த்து இடம் குறிப்பார்கள். எந்த அறைக்கு மேலே நிழல் வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். புயல் பாதையில் இருக்கும் ஊர் என்பதால் சட்டங்களைத் தளத்தோடு நன்றாக ஊன்றிப் பிணைப்பதில் சிக்கனம் கூடாது.

வில்லியனூர் மண்ணின் வேலை

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். சிலைகளும் அலங்காரப் பொருட்களும் நகரத்துக் கடைகளுக்குப் போகின்றன. அதே களிமண் வீட்டின் தலையைக் காக்கவும் வல்லது என்பது ஊருக்கே கொஞ்சம் மறந்துவிட்டது.

பழைய மெத்தை வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளம் இருக்கும். தேக்கு விட்டத்தின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பல நாள் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு ஒட்டுவார்கள். இன்று விட்டத்துக்கு மரம் இல்லை, அடிப்பதற்கு ஆளும் இல்லை. அதன் மேற்பகுதி மட்டும் சுருக்கி, தட்டோடு என்ற பெயர்களில் பிழைத்திருக்கிறது. இதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சுருக்கி போட்டால் வீடு குளிரும் என்று மேஸ்திரிகள் உறுதி சொல்வார்கள். மூன்று அங்குலச் சுருக்கி யு-மதிப்பை 3.5-இலிருந்து 2.5 அளவுக்குத்தான் இறக்கும். அதன் உண்மையான வேலை மழைநீரை வடிப்பது. வெப்பத்துக்கு அது பாதி மருந்து.

சுருக்கிக்கு அடியில் சின்னப் பானைகளைக் கவிழ்த்து அடுக்குவது நம் பக்கத்துப் பழைய வழி. பானைக்குள் அடைபடும் காற்று தடுப்பாகிறது. வெறுந்தளத்தோடு ஒப்பிட்டால் இறங்கும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். குயவருக்கும் வேலை. ஒரு அங்குல கனத்துக்கு நெருக்கமான பாலிஸ்டைரின் பலகையைத் தளத்தின் மேல் விரித்து, அதன் மேல் கலவையும் ஓடும் போட்டால் இன்னும் நல்ல பலன், யு-மதிப்பு ஒன்றுக்கும் கீழே போய்விடும். இரண்டில் எது என்பது கைப்பணத்தையும் தளத்தின் பலத்தையும் பொறுத்தது. பழைய தளத்தின் மேல் பானையும் சுருக்கியும் ஏற்றுவதற்கு முன் அது தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டே ஆக வேண்டும். எடை குறைந்த பலகைக்கு அந்தக் கவலை இல்லை.

புதிதாகத் தளம் போடுகிறவர்களுக்கு லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய வழி இருக்கிறது. தளத்தின் அடிப்பாதியில் உள்ள கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதில்லை, இழுவிசையைக் கம்பிதான் ஏற்கிறது. அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய ஓட்டையோ சட்டியையோ வைத்து வார்த்துவிடலாம். சிமெண்டும் மிச்சம், எடையும் குறைவு, ஓட்டுக்குள் அடைபடும் காற்றும் உதவும். ஆரோவில்லில் அனுபமா குண்டூ கட்டி 2000-இல் முடித்த 'வால் ஹவுஸ்' உள்ளூர் அச்சுக்கல்லையும் குயவர்கள் செய்த சுடுமண் குழல்களையும் தளத்தில் பயன்படுத்தியது. 2012 வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியில் அதை முழு அளவில் கட்டிக் காட்டினார்கள். நம் குயவர் கைப்பொருள் வெனிஸ்வரை போயிருக்கிறது. வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வர இன்னும் நாளாகிறது.

ஆரோவில் மண்கல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1989-இல் தொடங்கிய ஆரோவில் பூமி நிறுவனம், செம்மண்ணில் சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் கல் தயாரிக்கும் முறையை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுக்கிறது. அது சூளைக்கு எரிக்கும் விறகையும் நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது. வீடு கட்டச் செலவாகும் ஆற்றலைக் குறைப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் மண்கல் சுவர் கட்டினாலே வீடு குளிர்ந்துவிடும் என்று பலர் நம்பிச் செலவு செய்கிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் அழுத்திய மண்கல்லுக்கும் சுட்ட செங்கல்லுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரோவில் வீடுகளின் குளிர்ச்சிக்கு நீண்ட தாழ்வாரமும் மரங்களும் காற்றோட்டமும் பெரிய காரணம். வெப்பத்தை உள்ளே விடாத கல் வேண்டுமென்றால் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் நான்கு ஐந்து மடங்கு தடுக்கும். பண நெருக்கடி இருந்தால் சுவரில் செலவழிக்கும் அந்தக் கூடுதல் பணத்தை மேல்தளத்தில் போடுங்கள். ஒற்றை மாடி வீட்டுக்கு அதுதான் அதிகப் பலன்.

காற்று வரும் வழி

கோடையில் நண்பகலைத் தாண்டி கடற்காற்று எழும். கிழக்கும் தென்கிழக்குமாக வரும். பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களுக்கு முதலில், வில்லியனூருக்குச் சற்றுத் தாமதமாக. அந்தக் காற்று உள்ளே வர தென்கிழக்கில் ஒரு ஜன்னல், வெளியேற எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னல் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. பின்சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும், அல்லது அங்கே பீரோ நிற்கும்.

வாஸ்துப்படி தென்கிழக்கு அக்னி மூலை. சமையலறை அங்கேதான். நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் கரையில் காற்று அதே மூலையிலிருந்து வருவதால் அடுப்பு வெப்பம் வீடு முழுக்கப் பரவுகிறது. சமையலறையை அங்கே வைப்பவர்கள் அடுப்புக்கு மேலே உயரமான புகைவழியும், கூடத்துக்கு கிழக்கிலோ தெற்கிலோ தனி ஜன்னலும் வைத்துக்கொள்வது நல்லது.

ஜன்னலின் அளவைவிட அது எவ்வளவு திறக்கிறது என்பதே பெரிது. சமீபமாகக் கிராமங்களுக்கும் வந்துவிட்ட நகரும் கண்ணாடி ஜன்னல்கள் பார்க்க அழகு. ஆனால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒதுங்குவதால் பாதிதான் திறக்கும். நான்கடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று வாங்குகிறோம். பழைய இரட்டைக் கதவு மர ஜன்னல் முழுதாகத் திறந்தது. கொசுவலை அடித்தால் காற்று இன்னும் குறையும், ஆனால் கொசுவலை இல்லாமல் ஜன்னலை யாரும் இரவில் திறக்கப் போவதில்லை. ஆகவே வலையோடு சேர்த்துக் கணக்கிட்டு ஜன்னலைப் பெரிதாக வைக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் தேவை. மேற்குச் சுவருக்கு சன்ஷேட் போதாது. மாலை வெயில் கிட்டத்தட்ட படுக்கை வசத்தில் வந்து சுவர் முழுக்க அடிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நான்கு ஐந்து மணிக்கு வாங்கிய சூட்டை உள்ளே கொடுக்க ஆறு ஏழு மணிநேரம் எடுத்துக்கொள்ளும். தூங்கப் போகும் நேரத்தில் அது சரியாக வந்து சேரும். மேற்கே படுக்கையறை வைக்காமல் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை வைத்தால் அவை கவசமாக நிற்கும். ஏற்கெனவே கட்டிய வீடென்றால் சுவரை ஒட்டி ஒரு பந்தல் போட்டு அவரையோ பீர்க்கையோ ஏற்றிவிடலாம். வேலியோரம் முருங்கையும் வேம்பும் இருந்தால் இன்னும் நல்லது.

அளந்து பார்ப்பது எப்படி?

இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஈரப்பதமும் வெப்பமும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் சிறு கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்றை அறையின் நடுவில், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், சுவரைத் தொடாமலும் மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமலும் தொங்கவிடுங்கள். இன்னொன்றை வெளியே நிழலில். சித்திரை வைகாசியில் ஒரு வாரம் போதும். வெளியே உச்சம் எத்தனை, உள்ளே உச்சம் எத்தனை, எத்தனை மணிநேரம் கழித்து உள்ளே உச்சம் வந்தது, வெளியே தணிந்த பிறகும் உள்ளே எவ்வளவு நேரம் சூடு நின்றது? இந்த நான்கும் வீட்டின் ஜாதகம்.

ஆனால் காற்றின் வெப்பம் பாதிக் கதைதான். சுவரும் தளமும் உடம்பில் வீசும் அனலை அளக்க வேண்டும். விஞ்ஞானிகள் இதற்கு ஆறு அங்குலச் செம்புக் கோளத்துக்குக் கறுப்பு பூசி அதற்குள் தெர்மாமீட்டர் வைப்பார்கள். மேசைப்பந்தாட்டப் பந்தில் துளை போட்டு, கறுப்போ சாம்பலோ அடித்து, தெர்மாமீட்டரின் நுனியை நடுவில் இருத்தினாலும் வேலை நடக்கும். ஆராய்ச்சியாளர்களே கள ஆய்வில் இப்படிச் செய்கிறார்கள். பந்துக்குள் இருப்பது பக்கத்தில் உள்ள சாதாரணத் தெர்மாமீட்டரைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகம் காட்டினால், தவறு காற்றில் இல்லை, கூரையிலோ சுவரிலோ இருக்கிறது என்று அர்த்தம். ஏ.சி. வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் போலவே சுவர், தளம் பார்க்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியும் உண்டு. அதைத் தளத்தின் அடிப்பக்கத்தில் மாலை நான்கு, இரவு ஏழு, பத்து, விடியற்காலை ஐந்து என்று காட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட், பூச்சு, ஓடு எல்லாவற்றுக்கும் சரியாகக் காட்டும். பளபளக்கும் தகரச் சீட்டில் மட்டும் பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அங்கே ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

சட்டம் தொடாத வீடுகள்

குடியிருப்புகளின் வெப்பத் திறனுக்கு இந்தியாவில் விதி இருக்கிறது. எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா'. மேல்தளத்தின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நம்மைப் போன்ற ஈரவெப்பப் பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. எல்லாம் நல்ல விதிகள், சரியான எண்கள். ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டுவதற்காக எழுதப்பட்டவை. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்டுக்கு மேல். பாகூரிலோ வில்லியனூரிலோ மானியத்தில் கட்டும் குடும்பத்துக்கு இரண்டு மூன்று சென்ட் இருந்தாலே பெரிது. வெக்கையை அதிகம் தாங்குகிறவர்களின் வீட்டு வாசலுக்கு விதி வந்து சேரவில்லை.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அரசு கட்டும் வீடுகளையும் அதற்குள் கொண்டுவந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சோ ஓடோ மேல்தளத்தில் வேண்டும் என்பது அதன் சாரம். புதுச்சேரி அளவில் சிறியது, நிர்வாகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பொறியாளர் ஒவ்வொரு மானிய வீட்டையும் கட்டம் கட்டமாக நேரில் பார்க்கிறார். கடைசித் தவணை விடுவிக்கும் பார்வையில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: மேல்தளத்தில் வெப்பத்தடுப்பு உண்டா, மேற்பரப்பு வெள்ளையா? அதற்கான செலவை மானியத் தொகைக்குள் திணிக்காமல், தனியாகச் சேர்த்துத் தர வேண்டும். ஏழைக் குடும்பத்தின் தலையில் இன்னொரு நிபந்தனையாக அது இறங்கினால் அநியாயம்.

ஏற்கெனவே கட்டி முடித்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எளிய வழி சுண்ணாம்பு. மழைக்காலம் முடிந்ததும் தளம் பாசியேறிக் கறுத்துக் கிடக்கும். தை மாதத்தில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, வடிகட்டிய சுண்ணாம்பில் பசை சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று கை அடித்தால் பங்குனி வெயிலுக்குள் தளம் தயார். அடுத்த மழை அதைக் கரைத்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். விலை கூடிய வெள்ளைப் பூச்சு சில வருடம் நிற்கும். மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் சூட்டைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் விரிசல் விட்ட தளத்தில் அந்தத் தண்ணீர் கம்பிவரை இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீருக்குப் பதில் வெள்ளை என்று மாறுவது தளத்தின் ஆயுளுக்கும் நல்லது.

புதுச்சேரியில் பொறியியல் கற்பிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. ஒரு கோடையில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வெறுந்தளம், சுருக்கி, பானை, வெள்ளை, மின்தகடு நிழல் என்று ஐந்து வகைக்கும் இருபது இருபது வீடாகத் தேர்ந்து, மாணவர்கள் ஏப்ரல் முதல் ஜூன்வரை மணிக்கு மணி அளந்தால், இந்த மண்ணுக்கான கணக்கு நம் கையிலேயே வந்துவிடும். எந்தத் தளம் இரவு பத்து மணிக்கு எத்தனை டிகிரி என்ற அந்தப் பட்டியலை, கல்வீட்டு மானியத்தைக் கவனிக்கும் குடிசை மாற்று வாரியம் தன் மதிப்பீட்டுப் படிவத்தோடு இணைத்துக் கொடுக்கலாம். சென்ட்ரிங் பிரித்த வாரத்தில், மேஸ்திரியும் வீட்டுக்கார அம்மாவும் தளத்தின் மேல் நின்று அடுத்து என்ன போடுவது என்று பேசும்போது, அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.